கும்மிடிப்பூண்டி லைனில் கூட்ட நேரம் மாறினால், வண்டி நேரத்தை மாற்றக் கேட்பது எப்படி

சென்னை சென்ட்ரலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ஓடும் புறநகர் லைனுக்கு, "கூடுதல் ரயில் விட வேண்டும்" என்று ஒரு வரி மனு வட சென்னையிலிருந்து வருஷா வருஷம் போகிறது. "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி பதிலும் வருஷா வருஷம் வருகிறது. மனு வாங்குகிறவருக்கு மனசில்லை என்று சொல்லிவிட முடியாது. கூடுதல் ரயில் என்றால் ஒரு ரேக் (பெட்டிகள் கோத்த முழு வண்டி), ஒரு மோட்டார்மேன், ஒரு கார்டு, சென்ட்ரலில் ஒரு காலி பிளாட்பாரம், பாதையில் ஒரு காலி இடைவெளி என இத்தனையும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். அதே அதிகாரியிடம், "இந்த எண் வண்டியை 7 நிமிஷம் முன்னால் எடுங்கள், பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு இடைஞ்சல் இல்லை, ரேக் லிங்க் (ஒரே ரேக் அடுத்தடுத்து ஓடும் வண்டிகளின் வரிசை) மாறாது, இதோ இரண்டு வாரக் கணக்கு" என்று போய் நின்றால் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

அந்த இரண்டாவது வகை மனுவைத் தயாரிக்கும் வழியைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். பயணிகள் சங்கம், ஆலையின் ஷிப்ட் பொறுப்பாளர், கல்லூரி அலுவலகம் என்று யார் வேண்டுமானாலும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு செய்யலாம்.

எது கூட்ட நேரம்?

ரயில்வே எதைக் கூட்ட நேரமாக நினைக்கிறது என்பதற்கு எழுத்திலேயே அத்தாட்சி உண்டு. கொரோனா முடக்கத்துக்குப் பிறகு 2020 டிசம்பர் 23 முதல் பொதுமக்களைப் புறநகர் ரயிலில் மறுபடி ஏற்றியபோது, காலை 7 முதல் 9.30 வரையும் மாலை 4.30 முதல் 7 வரையும் ஏறக்கூடாது, மற்ற நேரத்தில் ஏறலாம் என்று அறிவித்தார்கள். ஊருக்குள் ஆபீஸ் போய்த் திரும்புகிறவர்களை வைத்துப் பார்த்தால் சரியான கணக்குதான். வட சென்னைக்கு அது பாதிக் கணக்கு.

இங்கே ஒரே நாளில் ஐந்தாறு கூட்டம் வந்து போகிறது. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைகளில் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஆள் மாறும். கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட் போகிறவர்கள் ஊரைவிட்டு வெளியே போகும் வண்டியில் ஏறுகிறார்கள். ஆபீஸ் கூட்டம் ஊருக்குள் வருகிறது. காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் கூடையோடு ஏறும் வியாபாரிகளுக்கு விடிவதற்கு முன்பே கூட்ட நேரம் தொடங்கி முடிந்துவிடும். இரண்டு ஷிப்ட் நடத்தும் கல்லூரிகளில் காலை ஷிப்ட் விட்டு மதிய ஷிப்ட் சேரும் நேரத்தில், அட்டவணையில் வண்டி மெலிந்திருக்கும் அந்த மதியப் பொழுதில், ஒரு மாணவர் கூட்டம் இரண்டு பக்கமும் ஓடுகிறது.

இதற்கு மேல் மெட்ரோ. 2021 பிப்ரவரி 14-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து அண்ணா சாலைப் பக்கம் போகிறவருக்கு இன்னொரு வழி கிடைத்தது. பொன்னேரி, மீஞ்சூர் ஆட்களுக்கு விம்கோ நகர் வண்டி மாறும் இடமானது. ஆகவே, எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் வண்டி அதிகம் நிரம்பி ஓடுகிறது என்பதையே புதிதாகப் பார்க்க வேண்டும். பழைய நினைப்பில் கொருக்குப்பேட்டையில் போய் நின்று எண்ணாதீர்கள். ஒரு நாள் கடைசிவரை அதே வண்டியில் போய், எங்கே உச்சம் என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

சனிக்கிழமையைத் தனி நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவுக்குப் பிறகு லண்டன், நியூயார்க் மாதிரி ஊர்களில் செவ்வாய் முதல் வியாழன் வரை கூட்டம் குவிந்து, திங்களும் வெள்ளியும் மெலிந்தன. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களால் வந்த மாற்றம் அது. லேத் பட்டறைக்கும் மீன் கடைக்கும் அந்தச் சலுகை கிடையாது. இங்கே சனியன்று தலைமைச் செயலகம் மூடியிருக்கும், ஆலை ஓடும். ஆபீஸ் கூட்டம் குறைந்து ஷிப்ட் கூட்டம் அப்படியே இருக்கும் அந்த நாளில், எந்த வண்டி யாருக்கு என்பது நன்றாகத் தெரியும். ஞாயிறும் தேசிய விடுமுறையும் வேறு அட்டவணை. அதோடு கலக்க வேண்டாம்.

எண்ணும் முறை

டிக்கெட் விற்பனையை வைத்துக் கூட்ட நேரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மெட்ரோ ஸ்டேஷனில் நுழைவுக் கதவைத் திறக்க அட்டையையோ டிக்கெட்டையோ காட்ட வேண்டும். யார் எத்தனை மணிக்கு நுழைந்தார், எங்கே வெளியேறினார் என்று அவர்களிடம் பதிவு இருக்கிறது. புறநகர் ரயில் ஸ்டேஷனில் அப்படிக் கதவு இல்லை. மாதா மாதம் சீசன் எடுக்கிறவர், மாதத்தில் ஒரு தரம் கவுண்ட்டரிலோ ஆப்பிலோ தென்படுவார், அவ்வளவுதான். தினமும் 7.40-க்கு ஏறுகிறாரா 8.05-க்கு ஏறுகிறாரா என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. கூட்ட நேர வண்டியில் பெரும்பாலும் சீசன்காரர்கள்தான். பிளாட்பாரத்தில் நின்று எடுக்கும் கணக்குக்கு மதிப்பு வருவது இதனால்தான்.

12 பெட்டி வண்டி என்றால் மூன்று மூன்று பெட்டியாகச் சேர்ந்த நாலு யூனிட். யூனிட்டுக்கு ஒருவராக நாலு பேர் பிளாட்பாரத்தில் பிரிந்து நிற்க வேண்டும். ஐந்தாமவர் கையில் கடிகாரம். வண்டியின் நீளம் சுமார் 260 மீட்டர், அதனால் ஒருவரே முழுவதையும் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். தலைகளை எண்ணவும் முயல வேண்டாம், நடக்காது. வண்டி கிளம்பும் நொடியில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் போடுங்கள்: சீட் காலி என்றால் 0, சீட் நிரம்பியது 1, நடைபாதையில் நிற்கிறார்கள் 2, வாசல் நிரம்பி உள்ளே நகர முடியவில்லை 3, படியில் தொங்குகிறார்கள் 4, ஏற முடியாமல் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டார்கள் 5. 5 போட்ட பெட்டிக்கு மட்டும், நின்றுவிட்டவர்களைத் தலை எண்ணி எழுதுங்கள். அந்த ஒரு எண்ணைத்தான் அதிகாரி முதலில் பார்ப்பார். லேடீஸ் பெட்டிக்கும் வியாபாரிகள் பெட்டிக்கும் தனிக் குறி போடுங்கள்.

கடிகாரக்காரர் மூன்று நேரம் குறிக்க வேண்டும். சக்கரம் நின்ற நேரம், சக்கரம் நகர்ந்த நேரம், அட்டவணையில் போட்டிருக்கும் நேரம். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறுத்த நேரம். சிறிய ஸ்டேஷனில் 30 வினாடி என்பது வழக்கமான கணக்கு. சென்ட்ரலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் 15 ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் 20 வினாடி கூடினால் கடைசியில் 5 நிமிஷம் போய்விடும். சிக்னல் கோளாறு இல்லாமல், எக்ஸ்பிரஸ் குறுக்கே வராமல், வெறும் ஏறி இறங்குவதிலேயே ஒரு வண்டி எப்படித் தாமதமாகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது.

வழக்கமாக வரும் குளறுபடிகள் சில உண்டு. மேம்பாலப் படி இறங்கும் இடத்தில் நிற்கும் மூன்று நாலு பெட்டி பிதுங்கும், கோடிப் பெட்டிகள் காற்றாடும். உங்கள் தாளில் நடுவில் 4-ம் ஓரத்தில் 1-ம் விழுந்தால் அட்டவணையைத் தொடாதீர்கள். அது படிக்கட்டுப் பிரச்சினை, இன்னொரு நுழைவாயில் கேட்டு எழுத வேண்டிய விஷயம். பொன்னேரியில் செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகனுக்குப் போகிற கூட்டம் சேரும்; அதைத் தனியாகக் குறியுங்கள். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று கோயில் சுற்றுகிறவர்கள் இந்த லைனிலும் ஆவடி லைனிலும் நிறைந்திருப்பார்கள். அன்று எண்ணியதைக் காட்டினால், "பௌர்ணமிக் கணக்கா?" என்று ஒரே கேள்வியில் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். மழைக்காலத்தையும் தவிருங்கள்; பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் 14-ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறினால் அன்றைய அட்டவணைக்கு அர்த்தமே இல்லை. பராமரிப்புக்காக லைன் பிளாக் அறிவித்த நாளும் அப்படியே. கிழமைக்கு இரண்டு தரம் வருகிற மாதிரி, இரண்டு வாரம் செவ்வாய், புதன், வியாழன், சனி எண்ணினால் போதும்.

எண்ணப் போகுமுன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். சீசன் இல்லாதவர் பிளாட்பார டிக்கெட் எடுக்க வேண்டும், அது இரண்டு மணி நேரத்துக்குத்தான். வீடியோ எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் எடுத்தால் தகராறு வரும், தாளில் போட்ட எண்ணை விட அதில் கூடுதலாக ஒன்றும் தெரியாது.

இன்னும் ஒரு வேலை உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கால் மணி, அரை மணிக்கு ஒரு வண்டி ஓடுகிற லைனில், ஆட்கள் தற்செயலாக வருவதில்லை; வண்டி நேரம் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். ஆகவே இன்று 8.05-க்குக் கூட்டம் என்பதால் அவர்களுக்கு 8.05 தான் வேண்டும் என்று ஆகாது. காத்திருக்கிறவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எத்தனை மணிக்கு வேலை இடத்தில் கைரேகை வைக்கணும்?" ஸ்டேஷனுக்கு நூறு பேர் சொன்னாலே பதில்கள் அரை மணிக் கட்டங்களில் குவிவது தெரிந்துவிடும். ஆலை ஷிப்டை 6-லிருந்து 6.30-க்கு மாற்றினாலோ பள்ளி மணி கால் மணி முன்னால் வந்தாலோ இந்தக் கட்டம்தான் முதலில் நகரும். அட்டவணை அதற்குப் பல மாதம் பின்னால்தான் நகரும்.

இடைவெளிக் கணக்கு

மீஞ்சூரில் நிமிஷத்துக்கு 25 பேர் சேருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டிகள் 7.40, 8.05, 8.15. சராசரி இடைவெளி 17.5 நிமிஷம், காகிதத்தில் பார்த்தால் குறையில்லை. ஆனால் 8.05 வண்டிக்கு 25 நிமிஷக் கூட்டம், அதாவது 625 பேர், 8.15-க்கு 10 நிமிஷக் கூட்டம், 250 பேர். 8.05-ஐ 7.58-க்கு நகர்த்தினால் 450, 425 என்று பிரியும். ரேக் கூடவில்லை, ஆள் கூடவில்லை, 7 நிமிஷம் மட்டும் நகர்ந்தது. வண்டி நேரம் பார்த்து வருகிறவர்கள் இருப்பதால் நிஜத்தில் இத்தனை சுத்தமாகப் பிரியாது. பிரியும் திசை இதுதான்.

இந்த ஏற்றத்தாழ்வு தானாகச் சரியாகாது, நாளுக்கு நாள் முற்றும். 8.05 பிதுங்கி வருவதால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூடுதலாக நிற்கும். நிற்க நிற்க அடுத்த ஸ்டேஷனில் இன்னும் ஆள் சேரும். பின்னால் வரும் 8.15 காலியாக, வேகமாக வந்து அதன் வாலைப் பிடித்துவிடும். கொருக்குப்பேட்டையில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்னலுக்கு நிற்பதைப் பார்க்கிறவர், "வந்தா ரெண்டா வருது, இல்லைன்னா வர்றதே இல்லை" என்பார். காரணம் சிக்னலில் இல்லை, மீஞ்சூரில் விட்ட 25 நிமிஷ இடைவெளியில் இருக்கிறது.

ரேக்கும் பிளாட்பாரமும்

தேவைப்படும் ரேக் எண்ணிக்கைக்கு ஒரே சூத்திரம். போக நேரம், அங்கே திரும்பும் நேரம், வர நேரம், இங்கே திரும்பும் நேரம் நான்கையும் கூட்டி, இரண்டு வண்டிக்கு நடுவிலுள்ள இடைவெளியால் வகுத்து, மேல் முழு எண்ணை எடுங்கள். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி 48 கி.மீ. ஓட்டம் 85 நிமிஷம், திரும்ப 15 என்று வைத்தால் சுற்று 200 நிமிஷம். 20 நிமிஷத்துக்கு ஒரு வண்டி வேண்டுமென்றால் 10 ரேக். 15 நிமிஷத்துக்கு ஒன்று என்றால் 14. "அஞ்சு நிமிஷம்தானே குறைக்கச் சொல்றோம்" என்று மனுவில் எழுதும்போது நாலு ரேக்கும் அதற்கான ஆட்களும் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். ரேக் செய்கிற ஐ.சி.எஃப். தொழிற்சாலை நம்ம பெரம்பூரில்தான் இருக்கிறது. அதற்காக அங்கிருந்து நேரே நமக்கு அனுப்பிவிட மாட்டார்கள். மும்பை, கொல்கத்தா எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.

இதே சூத்திரம் சிக்கன வழியையும் காட்டும். கூட்டம் மீஞ்சூர் வரைதான் என்று கணக்கு சொன்னால், மீஞ்சூரிலேயே திரும்பும் வண்டி கேளுங்கள். போக 48, திரும்ப 12 என்றால் சுற்று 120 நிமிஷம். மணிக்கு ஒன்று ஓட்ட 2 ரேக் போதும். கும்மிடிப்பூண்டி வரை போனால் அதே மணிக்கு ஒன்றுக்கு 4 வேண்டும். லைன் பிளாக் நாட்களில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரியோடு வண்டியைத் திருப்பி ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். திருப்ப முடிகிற இடங்கள் எவை என்று அந்த அறிவிப்புகளிலிருந்தே பட்டியல் எடுத்துவிடலாம்.

திரும்பும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி நின்றதும் மோட்டார்மேன் தன் கேபினை மூடி, 260 மீட்டர் நடந்து மறுகோடிக்குப் போய், அந்தக் கேபினைத் திறந்து, பிரேக் சோதித்து, கார்டோடு மணிக் குறிப்பு மாற்றிக்கொள்ள வேண்டும். எதிரே இறங்கி வரும் கூட்டத்துக்கு நடுவில் அந்த நடை மட்டும் நாலைந்து நிமிஷம். மறுகோடியில் இன்னொரு மோட்டார்மேன் முன்கூட்டியே தயாராக நின்றால் அந்த நிமிஷங்கள் மிச்சம்; இவர் அடுத்த வண்டிக்குப் போவார். கூட்ட நேரத்துக்கு மட்டும் இப்படி ஆள் போடுவது ரேக் வாங்குவதை விட எத்தனையோ மலிவு, மனுவில் தைரியமாகக் கேட்கலாம்.

சென்ட்ரலில் மூர் மார்க்கெட் பக்கம் புறநகருக்கு 5 பிளாட்பாரம். கும்மிடிப்பூண்டி லைனும் ஆவடி–அரக்கோணம் லைனும் அதைத்தான் பங்கு போடுகின்றன. ஒரு வண்டி 15 நிமிஷம் நின்று, அது வெளியேறி அடுத்தது நுழைய 5 நிமிஷம் ஆனால், பிளாட்பாரத்துக்கு மணிக்கு மூன்று, மொத்தம் 15 வண்டி. நிற்கும் நேரம் 25 ஆனால் மொத்தம் 10 தான். காலை 8.30-க்கு பேசின் பிரிட்ஜில் உங்கள் வண்டி சும்மா நிற்பதன் பின்னணி பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அப்படிப்பட்ட நேரத்தில், "சென்ட்ரலுக்குப் பதில் பீச் ஸ்டேஷனில் முடியுங்கள்" என்று கேட்பது நல்ல தந்திரம். ராயபுரம் வழியாகப் போய்விடும், பேசின் பிரிட்ஜ் நெரிசலில் மாட்டாது. பாரிமுனை, ஐகோர்ட் ஆட்களுக்கு வசதி. கிண்டி, தாம்பரம் போகிறவர் அதே ஸ்டேஷனில் மாறிக்கொள்வார். நஷ்டம் யாருக்கு என்றால் ஜி.எச்., சென்ட்ரல் மெட்ரோ, பார்க் டவுன் போகிறவர்களுக்கு. எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதை முன் சொன்ன கைரேகைக் கேள்வியோடு சேர்த்துக் கேட்டு வையுங்கள். பீச்சிலிருந்து வேளச்சேரிப் பக்கம் தொடர்கிறவர்களையும் மறக்கக் கூடாது: நாலாவது லைன் வேலைக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் 2024 அக்டோபர் 29 வரை பீச்–சிந்தாதிரிப்பேட்டை மூடியிருந்தபோது பலர் வழியையே மாற்றிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் எடுத்த எந்தக் கணக்கையும் இன்றைக்குக் காட்ட முடியாது.

எக்ஸ்பிரஸுக்கு நடுவே இடம் தேடுவது

மனுக்கள் அதிகம் விழுவது இங்கேதான். அத்திப்பட்டுக்கு அப்பால் கும்மிடிப்பூண்டி வரை சுமார் 26 கி.மீ.க்கு லோக்கல், எக்ஸ்பிரஸ், கூட்ஸ் எல்லாவற்றுக்கும் போக ஒன்று வர ஒன்று என இரண்டே லைன். எண்ணூர் காமராஜர் துறைமுகமும் அனல் மின் நிலையமும் இருக்கிற பக்கம் என்பதால் கூட்ஸ் குறையாது. இரவெல்லாம் ஓடி வரும் விஜயவாடா பக்கத்து வண்டிகள் சென்னைக்குள் நுழைவதும் காலையில்தான்.

லோக்கல் அந்த 26 கி.மீ.யை சராசரி 40 கி.மீ. வேகத்தில் ஓட 39 நிமிஷம். நிற்காமல் 100 கி.மீ. சராசரியில் வரும் எக்ஸ்பிரஸுக்கு 16 நிமிஷம். வித்தியாசம் 23. பாதுகாப்பு இடைவெளி 5 சேர்த்தால், லோக்கல் கிளம்பி 28 நிமிஷம் ஆன பிறகுதான் எக்ஸ்பிரஸை உள்ளே விட முடியும். ஒரு எக்ஸ்பிரஸ் இரண்டு லோக்கலின் இடத்தை விழுங்குகிறது. 2022-இல் சென்னை–கூடூர் பாதையில் வேகத்தை 130 கி.மீ.க்கு உயர்த்தியபோது எக்ஸ்பிரஸ் பயணிகள் மகிழ்ந்தார்கள். லோக்கலின் வேகம் அப்படியே இருக்க, இந்த வித்தியாசம் மட்டும் கூடியது. இல்லாவிட்டால் லோக்கலை லூப் லைனில் (ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்பதற்கான பக்கப் பாதை) ஒதுக்கி எக்ஸ்பிரஸை முன்னே விட வேண்டும். அப்போது பயணிக்குப் பத்து நிமிஷம் போகும்.

உங்கள் கோரிக்கைக்கு இடம் இருக்கிறதா என்று கிராஃப் தாளில் நீங்களே பார்க்கலாம். நெடுக்கில் தூரம், 2 கி.மீ.க்கு 1 செ.மீ.; 48 கி.மீ. 24 செ.மீ. ஆகும். கிடையில் நேரம், 5 நிமிஷத்துக்கு 1 செ.மீ.; காலை 6 முதல் 9 வரை 36 செ.மீ. இரண்டு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். பொது அட்டவணையிலிருந்து ஒவ்வொரு வண்டியையும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். போகிறவற்றுக்கு ஒரு நிறம், வருகிறவற்றுக்கு ஒரு நிறம், எக்ஸ்பிரஸுக்குச் சிவப்பு. செங்குத்தாக எழும் கோடு வேக வண்டி, சாய்ந்த கோடு மெது வண்டி. ஒரே திசையில் போகும் இரண்டு கோடு வெட்டிக்கொண்டால் அந்த இடத்தில் லூப் லைன் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கோரிக்கை செத்துவிட்டது. கூட்ஸ் இந்தப் படத்தில் தெரியாது. வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காலி என்று நம்பிவிடாதீர்கள்.

"நடு ஸ்டேஷன்களில் நிற்காத ஃபாஸ்ட் லோக்கல் விடுங்கள்" என்று கேட்கிறவர்களும் இந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு ஸ்டேஷனைத் தாண்டினால் மிச்சம் ஒன்றரை நிமிஷம்: 30 வினாடி நிறுத்தம், மீதி வேகம் குறைத்து ஏற்றும் நேரம். ஐந்து ஸ்டேஷன் தாண்டினால் ஏழரை நிமிஷம். முன்னால் 10 நிமிஷத்தில் ஒரு ஸ்லோ போய்க்கொண்டிருந்தால், கடைசியில் அதன் பின்னால் இரண்டரை நிமிஷத்தில் வந்து சிக்னலுக்கு நிற்கும். நந்தியம்பாக்கத்துக்காரருக்கு வண்டி போனதுதான் மிச்சம்.

அட்டவணையில் ஒளிந்திருக்கும் நிமிஷங்களையும் தேடுங்கள். கிளம்பும்போது சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜுக்கு எத்தனை நிமிஷம், வரும்போது பேசின் பிரிட்ஜிலிருந்து சென்ட்ரலுக்கு எத்தனை நிமிஷம் என்று ஒப்பிடுங்கள். வரும்போது இரண்டு மடங்கு போட்டிருந்தால், வழியில் ஆகும் தாமதத்தைக் கடைசியில் மறைப்பதற்கான இருப்பு அது. அதில் பாதியை எண்ணூர் பக்கம் மாற்றிப் போடுங்கள் என்று கேட்கலாம். முழுவதையும் எடுக்கச் சொன்னால் வண்டி தினமும் "லேட்" கணக்கில் ஏறும், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மனு

ஒரு பக்கம், ஒரு கோரிக்கை, ஒரு வண்டி எண். இந்த லைன் வண்டிகள் 42-இல் தொடங்கும் ஐந்து இலக்க எண் கொண்டவை. "காலை எட்டு மணி வண்டி" என்று எழுதாமல் அந்த எண்ணை எழுதுங்கள். பிறகு நாலு வரி: இப்போதைய நேரம், கேட்கும் நேரம், நாள்வாரியாகப் பெட்டிக் குறி, ஏற முடியாமல் நின்றவர் எண்ணிக்கை. அடுத்து, இந்த மாற்றத்தால் யாருக்கு நஷ்டம் என்று நீங்களே எழுதுங்கள். 7 நிமிஷம் முன்னால் எடுத்தால் எந்த ஊர் பஸ்காரர் வண்டியைத் தவறவிடுவார், விம்கோ நகரில் மெட்ரோ மாறுகிறவருக்கு என்ன ஆகும். இதை அதிகாரி கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கும். கிராஃப் தாள் இணைப்பு.

சென்னைக் கோட்டத்தின் முதுநிலை இயக்க மேலாளருக்கு மூலப் பிரதி. கோட்ட மேலாளருக்கும் வணிகப் பிரிவுக்கும் நகல். கோட்ட அளவில் ரயில் பயனாளர் ஆலோசனைக் குழு இருக்கிறது; அதன் உறுப்பினர் ஒருவரைப் பிடித்து அடுத்த கூட்டப் பொருளில் சேர்க்கச் சொன்னால் எழுத்தில் பதில் கிடைக்கும். எம்.பி. கடிதம் வாங்குவதாக இருந்தால் இரண்டு பேரிடம் போக வேண்டும்: எண்ணூர் வரை வட சென்னைத் தொகுதி, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் தொகுதி. ஒருவருடையது மட்டும் போனால் மறுபாதி ஊருக்கு இதில் சம்மதம் இருக்கிறதா என்ற கேள்வி எழும்.

குறிப்பிட்ட வண்டி கடந்த மூன்று மாதத்தில் நாள்வாரியாக எத்தனை நிமிஷம் தாமதம், அந்த ரேக் அடுத்து எந்த வண்டியாக ஓடுகிறது என்ற இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். பதிவேட்டில் இருக்கும் எண்ணை மட்டும் கேளுங்கள்.

அகில இந்திய அட்டவணை முன்பெல்லாம் ஜூலை 1-இல் மாறும். 2025-இல் ஜனவரி 1-இல் மாறியது. எக்ஸ்பிரஸ் நேரங்கள் அப்போதுதான் கலைத்து அடுக்கப்படும், வேலை பல மாதம் முன்பே தொடங்கிவிடும். எக்ஸ்பிரஸோடு மோதும் கோரிக்கை என்றால் அந்த வேலை நடக்கும்போதே போய்ச் சேர வேண்டும். லோக்கலுக்குள் சில நிமிஷம் நகர்த்துவதற்கு அத்தனை காத்திருக்க வேண்டாம். நடுவிலேயே அறிவிப்பு வரும்.

மாற்றம் வந்த முதல் வாரத்தில் எண்ணாதீர்கள். பழைய நேரத்துக்கு வந்து வண்டியைத் தவறவிட்டவர்கள் அடுத்ததில் குவிந்திருப்பார்கள், கணக்கு தலைகீழாகத் தெரியும். நாலாவது வாரம் அதே இடத்தில், அதே நாலு கிழமையில், அதே ஐந்து பேர் நின்று எண்ணுங்கள். மாற்றிய வண்டியை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முன்னாலும் பின்னாலும் ஓடும் வண்டிகளையும் எண்ண வேண்டும். முன் வண்டியின் ஆட்கள் நகர்த்திய வண்டிக்கு மாறி அது மறுபடி பிதுங்கினால், அளவுக்கு மேல் முன்னால் இழுத்துவிட்டோம் என்று அர்த்தம். இரண்டு மூன்று நிமிஷம் பின்னுக்கு நகர்த்தச் சொல்லி இரண்டாவது தாளை, முதல் தாளின் நகலோடு பின் போட்டு, அதே மேசைக்கு அனுப்புங்கள்.